குழந்தை வரும் முன் வீட்டுக் கணினி: தேற்றுவதா, மாற்றுவதா, அப்படியே விடுவதா?

பிரசவத் தேதி தெரிந்துவிட்டது. வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய கணினி ஒன்று இருக்கிறது. ஆன் செய்தால் திறக்க மூன்று நிமிடம் ஆகிறது, பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. செய்திகளைப் பார்த்தால் ராம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) விலை ஏறிக்கொண்டே போவதாகச் சொல்கிறார்கள். இவையெல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும் வீடுகளிலிருந்து கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இருப்பதைத் தேற்றுவதா, புதிதாக வாங்குவதா, இப்போதைக்கு விட்டுவிடுவதா?

கணினி வாங்கும் ஆலோசனை எதுவானாலும் வேகத்தில் தொடங்கும். குழந்தை வரப்போகும் வீட்டில் அங்கே தொடங்கினால் முடிவு தப்பாகிவிடும். முதல் வருடத்தில் அந்தக் கணினிக்கு விழப்போகும் வேலை படங்களைச் சேமிப்பது, படிவங்களை நிரப்புவது, வங்கி வேலை, வீடியோ அழைப்பு, வீட்டிலிருந்து பார்க்கும் அலுவலக வேலை. அதற்கு ஏற்ற அளவுகோல்களை முதலில் வைப்போம்.

## எதை வைத்து எடை போடுவது?

நேரம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் யார் கைக்கும் சிக்காது. விண்டோஸைப் புதிதாக ஏற்றி, அப்டேட்களை முடித்து, பிரிண்டரைச் சேர்த்து, கடவுச்சொற்களைத் தேடிப் போட்டு முடிக்க அரை நாள் போய்விடும். பிரசவத்துக்குப் பிறகு உங்கள் நேரத்தைக் கேட்காத வழி எது என்பதுதான் முதல் அளவுகோல். மற்றவை இதற்குப் பிறகுதான்.

இடம். போனில் எடுக்கும் 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேமில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி பிடிக்கும். பழைய வகை ஃபார்மட்டில் 350 எம்பி வரை போகும். தினமும் ஐந்து நிமிடம் எடுத்தால் வருடத்துக்கு 310 ஜிபி முதல் 640 ஜிபி வரை. 256 ஜிபி டிஸ்க் முதல் பிறந்தநாளுக்கு முன்பே நிரம்பிவிடும்.

பாதுகாப்பு அப்டேட். மருத்துவக் காப்பீடு, பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் இந்தக் கணினி வழியாகத்தான் போகப்போகின்றன. அப்டேட் நின்றுபோன இயங்குதளத்தில் இவற்றைச் செய்யக் கூடாது.

உடம்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கை வீங்கி, மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவது பலருக்கு உண்டு. லேப்டாப்பின் ஒட்டியிருக்கும் கீபோர்டு அப்போது தொந்தரவு. தனிக் கீபோர்டைத் தாழ்வாக வைத்துத் தட்டச்சு செய்வது எளிது. சூடாகும் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்வதும் வேண்டாம். வைஃபை அலையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு: வீட்டு ரவுட்டர் வெளியிடும் அளவு மிகக் குறைவு, அதனால் கருவுக்குத் தீங்கு என்று நிறுவப்படவில்லை. அதை வைத்து எந்த முடிவையும் மாற்ற வேண்டாம்.

சத்தமும் வயரும். குழந்தைகள் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் தவழத் தொடங்குவார்கள். பிறகு எதையாவது பிடித்து எழுந்து நிற்பார்கள். தொங்கும் கேபிளை இழுத்தால் மானிட்டர் தலையில் விழும்.

## விலைச் செய்திகளை எப்படிப் படிப்பது?

உலகச் செய்திகள் கணினி விலையில் இரண்டு விதமாக இறங்குகின்றன. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது, சில்லு (சிப்) தயாரிப்புக்கு வேண்டிய நியான் வாயுவில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது என்று பெரிய பயம் கிளம்பியது. ஆலைகள் கையிருப்பையும் வேறு ஊர் நியானையும் வைத்துச் சமாளித்தன, உற்பத்தி நிற்கவில்லை. 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி தைவானில் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் சில்லு ஆலைகள் சில நாட்களில் வேலைக்குத் திரும்பின. இப்படிப்பட்ட செய்தியைப் பார்த்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இன்னொரு வகை, உற்பத்தித் திறனே நீண்ட காலத்துக்குக் கைவிட்டுப் போவது. 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. உலகம் முழுவதும் டிஸ்க் விலை ஏறி, இறங்க வெகுகாலம் ஆனது. 2025-இல் தொடங்கிய ராம் விலை உயர்வும் இந்த வகைதான். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பாலான ராம் சில்லுகளைச் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. மைக்ரான், வீட்டுப் பயனர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புது ஆலை எழும்ப வருடங்கள் ஆகும்.

ஆகவே "பொறுத்திருந்தால் விலை குறையும்" என்பதை நம்பிப் பிரசவத் தேதியைத் தாண்டவிட வேண்டாம். ராம் விலை ஏறினால் புதுக் கணினியின் விலையும் சேர்ந்தே ஏறும். எனவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ராமுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. 8 ஜிபி ராமோடு நல்ல நிலையில் இருக்கும் பழைய கணினியை இந்தச் சமயத்தில் ஒதுக்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

## வழி 1: அப்படியே விடுவது

பிரசவத்துக்கு நான்கு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் இதுவே சரி. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

மறைந்திருக்கும் செலவு டிஸ்க்கில் இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமை ஓடவிட்டு, 'ரீஅலோகேட்டட் செக்டார்', 'பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகளின் எண்ணைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் போகப்போகிறது. கோப்புகளை உடனே வெளியே எடுங்கள். லேப்டாப் என்றால் டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி உப்பியிருப்பதற்கு அது அடையாளம். அப்படியிருந்தால் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டுப் பேட்டரியை மாற்ற வேண்டும். குழந்தை தூங்கும் வீட்டில் அதை வைத்துக்கொண்டு ஒரு நாளும் தள்ளக் கூடாது.

விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதற்கு மாறுவதும் இந்த வழியில் சேரும். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிரவுசர் வேலைக்குக் குறை இருக்காது. பிரிண்டர், ஸ்கேனர், அலுவலக விபிஎன் (வீட்டிலிருந்து அலுவலக வலையமைப்போடு சேர்க்கும் இணைப்பு) மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

## வழி 2: எஸ்எஸ்டி, ராம் மாற்றித் தேற்றுவது

பல வீடுகளுக்கு இதுதான் சரியான பதில். ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கணினி மெதுவாக இருப்பதற்கு புராசசர் (கணினியின் மூளையான சில்லு) காரணமாக இருப்பது அரிது. டிஸ்க்கின் ஊசி இங்கும் அங்கும் ஓடிச் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. சாதாரண சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டி, அதாவது ஊசி இல்லாமல் சில்லில் பதியும் டிஸ்க், போட்டாலே திறக்கும் நேரம் மூன்று நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். ராமும் எஸ்எஸ்டியும் இரண்டும் வாங்கப் பணம் போதவில்லை என்றால் முதலில் எஸ்எஸ்டியை வாங்குங்கள்.

ஆனால் பணம் போடும் முன் புராசசரின் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல் ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 8, எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 12400 என்று இருந்தால் முதல் இரண்டு எண்கள், அதாவது பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தியது வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இதற்கு முந்தைய புராசசரில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம்தான். ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட்கள் தானாக வராமல் ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். கைக்குழந்தையோடு அந்த வேலை வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய போன்கள் எடுக்கும் ஹெச்இவிசி (குறைந்த இடம் பிடிக்கும் புது ஃபார்மட்) 10-பிட் வீடியோவைச் சில்லு அளவிலேயே விரித்துக் காட்டும் வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றில் உங்கள் 4கே வீடியோ விட்டுவிட்டு ஓடும். எஸ்எஸ்டி போட்டாலும் அது தீராது.

டிபிஎம் இல்லை என்று விண்டோஸ் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில்) அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்: இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். அதைத் தொடும் முன் ஒரு முக்கியமான வேலை: டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸை மாற்றியதும் கணினி அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் கோப்புகள் போனவைதான்.

வாங்கும்போது தவறு நடக்கும் இடங்கள் இவை:

- ராமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. அடியில் உள்ள காடியின் (வெட்டின்) இடமே வேறு. லேப்டாப்புக்குச் சிறிய அளவான சோடிம், டெஸ்க்டாப்புக்கு நீளமான டிம். பழைய லேப்டாப்பில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் இடத்தில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் ஆன் ஆகாமல் போகலாம்.
- டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'மெமரி' திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். சில லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கூட்டவே முடியாது.
- எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) இருந்தாலும் அது சாட்டா மட்டும் எடுக்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ எடுக்குமா என்பதை போர்டின் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். உருவம் ஒன்றாகவே இருக்கும், உள்ளே பேசும் முறை வேறு.

மாற்றும் வேலை: சாட்டா-யூஎஸ்பி கேபிளில் புது எஸ்எஸ்டியை இணைத்து, பழைய டிஸ்க்கை குளோன் (அப்படியே நகல்) செய்யுங்கள். டிஸ்க்கில் பழுது தெரிந்தால் குளோன் வேண்டாம், பாதியில் நின்றுவிடும். கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். ராம் போட்டபின் பீப் சத்தம் வந்து திரை கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் குச்சி முழுதாக உட்காரவில்லை. இரு பக்கக் கிளிப்பும் பூட்டும்வரை அழுத்த வேண்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதம் அழிக்காமல் வையுங்கள்.

பல வருடத் தூசி உள்ளே இருக்கும். அதை வீட்டுக்கு வெளியே வைத்து ஊதுங்கள், கர்ப்பிணி அந்தப் பக்கம் வர வேண்டாம். மின்விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லையென்றால் அது வேகமாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

எப்போது வேண்டாம்: புராசசர் ஆறாம் தலைமுறை அல்லது அதற்கும் பழையது; போர்டிலேயே சிக்கல்; கணினி தானாக அணைகிறது. இவற்றில் போடும் பணம் திரும்பாது.

## வழி 3: அலுவலகம் கழித்த கணினி வாங்குவது

பெரிய நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து வருடத்தில் கணினிகளைக் கழித்துவிடும். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தியவை இப்போது இப்படி நிறையக் கிடைக்கின்றன. ராமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே வருவதால், தனியாக ராம் வாங்குவதைவிட மொத்தக் கணினியே லாபமாக அமைவதுண்டு.

இங்கே மறைந்திருக்கும் ஆபத்து பூட்டு. பழைய நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கோடு கணினி இன்னும் கட்டப்பட்டிருந்தால், ஃபேக்டரி ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும் அந்த நிறுவனத்தின் லாகின் கேட்கும். வாங்கும் இடத்திலேயே ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்து, உங்கள் கணக்கில் டெஸ்க்டாப் திறக்கும்வரை பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

## வழி 4: புது லேப்டாப்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும், குழந்தை தூங்கும் அறையை ஒட்டி அறை அறையாக இடம் மாற வேண்டியவருக்கும் இதுதான் நல்லது. மூடியைத் திறந்தால் உடனே எழும், மூடினால் விட்ட இடத்தில் நிற்கும். பத்து நிமிடத் துண்டுகளாக வேலை பார்க்கும் வருடத்தில் இது புராசசர் வேகத்தைவிடப் பெரிய வசதி. மின்சாரம் போனாலும் ஓடும்.

விலை ஏறிய காலத்தில் தயாரிப்பாளர்கள் முதலில் கை வைப்பது ராமில்தான். அதே பெயர், அதே உருவம், ஆனால் 8 ஜிபி பற்றவைத்தது என்று மாடல்கள் வரும். கூட்ட வழியில்லாத 8 ஜிபி வேண்டாம். 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி என்பது கீழ் எல்லை. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறினால் போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே வயர் போதும்.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்: வெளி ஹார்டு டிஸ்க், தனிக் கீபோர்டும் மவுஸும், ஆஃபீஸ் சந்தா, பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும் ஒரு வாரம். திருப்பிக் கொடுக்கும் காலம் குறுகியது. அந்த நாட்களுக்குள் கேமரா, மைக், எல்லா யூஎஸ்பி துளைகள், ஒரு மணி நேர வீடியோ அழைப்பின்போது மின்விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். ஆகவே கர்ப்பத்தின் 30-ஆம் வாரத்துக்குள் கணினி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

## வழி 5: மினி பிசி அல்லது டெஸ்க்டாப்

நல்ல மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் மினி பிசியைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். மானிட்டரின் முதுகிலேயே திருகிவிட்டால் தரையில் வயர் குறையும். சும்மா இருக்கும்போது பெரும்பாலானவை 15 வாட்டுக்குள் அடங்கும். யூபிஎஸ் தனியாக வேண்டும். மானிட்டரைச் சுவரிலோ மேசையிலோ இறுக்கிப் பிணைக்க வேண்டும்.

பாகம் பாகமாக வாங்கி டெஸ்க்டாப் கட்டுவது, வீடியோ எடிட்டிங் போன்ற தொழில் இருப்பவருக்கு மட்டும். ஒரு பாகம் பழுதாக வந்தால்கூட மாற்றி வாங்க வாரக்கணக்கில் இழுக்கும். ராம் விலையும் இந்தச் சமயத்தில் முழுதாக உங்கள் தலையில்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | தேவையான நேரம் | கவனிக்க வேண்டியது | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| அப்படியே விடுதல் | ஒரு மணி நேரம் | டிஸ்க், பேட்டரி நிலை | பிரசவம் நெருங்கியவர்கள் |
| எஸ்எஸ்டி, ராம் | ஒரு விடுமுறை நாள் | மீட்பு எண், பொருத்தம் | எட்டாம் தலைமுறையும் மேலும் |
| அலுவலகக் கணினி | இரண்டு, மூன்று நாள் | நிறுவனப் பூட்டு | பழையது தேறாதவர்கள், கை இறுக்கம் |
| புது லேப்டாப் | ஒரு வாரம் | பற்றவைத்த 8 ஜிபி | வீட்டிலிருந்து வேலை |
| மினி பிசி | இரண்டு நாள் | யூபிஎஸ், பிணைப்பு | மானிட்டர் இருப்பவர்கள் |

## எந்த வழியானாலும்: இரண்டாவது பிரதி

கணினியில் மிச்சம் பிடிக்கும் பணம் முதலில் இங்கே வர வேண்டும். படங்கள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ, ஒன்று. அலமாரியில் வைக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டியைவிட 2 டிபி ஹார்டு டிஸ்க் நல்லது. மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியில் பதிந்தது மங்கிப்போக வாய்ப்பு உண்டு.

போனும் கிளவுடும் தானாக ஒத்திசைவதைப் பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பக்கம் தெரியாமல் அழித்தால் மறுபக்கமும் அழியும். போனில் இடம் காலி செய்யும் முன், வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகிப் பத்துப் படங்களும் இரண்டு வீடியோக்களும் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

## வாரக் கணக்கு

14 முதல் 27 வாரம் வரை பெரிய வேலைகளுக்கு ஏற்ற காலம்: முடிவெடுத்தல், வாங்குதல், மாற்றுதல். 30-ஆம் வாரத்துக்குள் புதியது வந்து சேர வேண்டும். 34-ஆம் வாரத்துக்குப் பிறகு கணினிப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

37-ஆம் வாரத்தைத் தாண்டிவிட்டவர்களுக்கு இரண்டே வேலை. போனில் உள்ள எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுங்கள். அடுத்து, பிரித்து வைத்த பாகங்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்தான் அவற்றில் மிக ஆபத்தானது: குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கும். சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கழற்றிய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பிடத்தில் சேர்த்துவிடுங்கள். புது செல் பாக்கெட்டைப் பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.